ஜன்னல் சதுரமாகத் தெரிந்தது: வடபழனியில் இரண்டு நாள் பாலு மகேந்திரா

போன சனி, ஞாயிறு வடபழனியில் ஒரு பிரிவியூ தியேட்டரில் மறைந்த இயக்குநர், ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திராவின் மூன்று படங்களைத் திரையிட்டார்கள். தலைக்கு நானூறு ரூபாய். மூன்று படம், காபி, சுண்டல், கடைசியில் ஒரு மணி நேரக் கலந்துரையாடல் எல்லாம் அதற்குள் அடக்கம். நடத்தியவர்கள் நாலைந்து இளைஞர்கள். பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆசைக்காக இதைச் செய்கிறார்கள். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை. வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தவர்களுக்கு யாரென்று தெரியும்.

நான் சினிமாக்காரி இல்லை. அசோக் நகரில் ஒரு சின்ன ஆபீசில் வீட்டு பிளான் வரைகிறேன். டிரேசிங் பேப்பரில் இங்க் பேனாவால் ஆரம்பித்து, இப்போது கம்ப்யூட்டரில் ஆட்டோகேட். இருபத்தேழு வருடமாகச் சுவர், கதவு, ஜன்னல், படி. அதனால் இந்த விமர்சனத்தில் படியைப் பற்றியும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படியிலிருந்தே தொடங்குகிறேன். தியேட்டர் முதல் மாடியில். லிஃப்ட் இல்லை. பதினெட்டுப் படி, ஒவ்வொன்றும் எட்டு அங்குலத்துக்குக் குறையாது. கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது. என்னோடு வந்தது எழுபத்தெட்டு வயது அம்மா. "படம் பாக்க வந்தோமா, பழனி மலை ஏற வந்தோமா?" என்று நடுவில் நின்று கேட்டாள். இளைஞர்களில் ஒருவர் ஓடி வந்து கை கொடுத்தார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் பாலு மகேந்திரா படம் பார்க்க வரும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி இருக்கும் என்பதை இடம் பிடிக்கும்போதே யோசித்திருக்கலாம்.

உள்ளே எழுபது இருக்கை இருக்கும். இருக்கைகள் நன்றாகவே இருந்தன, சரிவும் சரியாக இருந்தது, முன்னால் இருப்பவர் தலை மறைக்கவில்லை. ஏசிதான் கொடுமை. இரண்டாவது வரிசைக்கு நேர் மேலே ஒன்று, ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்த மாதிரி. அவசரக் கதவுக்கு முன்னால் நாலு பிளாஸ்டிக் நாற்காலியை அடுக்கி வைத்திருந்தார்கள். இடைவேளையில் சொன்னேன், எடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மாலை 'மூன்றாம் பிறை' (1982). வெளியே ஐப்பசி மழை. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட ஆற்காடு சாலையில் ஆட்டோ முக்கால் மணி நேரம் நின்றதில் முதல் இருபது நிமிடம் எனக்குப் போச்சு. பெரிய நஷ்டம் என்று சொல்ல மாட்டேன், எல்லோரும் பத்துத் தடவை பார்த்த படம். நீலகிரி கேத்தியின் மூடுபனி, ஸ்ரீதேவி, நாய்க்குட்டி சுப்பிரமணி, கடைசியில் ரயில் நிலையத்தில் மழையில் குரங்கு வித்தை காட்டும் கமல். கமலுக்கும், ஒளிப்பதிவுக்காக பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருது கிடைத்த படம். பெரிய திரையில் பார்த்தபோது ஒன்று புதிதாகப் பட்டது. இதுவும் தங்க இடம் இல்லாத கதைதான். நினைவு தப்பிய பெண்ணை ஒரு மோசமான வீட்டிலிருந்து கூட்டி வந்து தன் வீட்டில் வைத்துக்கொள்கிறான் ஒருவன். அந்த வீடும் அவளுக்கு நிரந்தரம் இல்லை. சில்க் ஸ்மிதா வரும் பகுதி மட்டும் அன்றைக்கும் எனக்கு ஒட்டவில்லை, இன்றைக்கும் ஒட்டவில்லை. வேறு ஒரு படத்திலிருந்து வழி தவறி வந்தது போல இருக்கிறது. அம்மா அந்த நேரத்தில் தூங்கிவிட்டாள்.

டிவியில் அடிக்கடி வரும் இந்தப் படத்துக்குப் பதிலாக அவருடைய கடைசிப் படமான 'தலைமுறைகள்' (2013) போட்டிருக்கலாம். அவரே தாத்தாவாக நடித்தது. தமிழ் தெரியாத பேரனும், மகனின் கல்யாணத்தை ஏற்காத தாத்தாவும். இளைஞர்களிடம் கேட்டதற்கு, "கூட்டம் வரணும்ல மேடம்" என்றார்கள். நியாயம்தான். முதல் நாள் அரங்கு நிரம்பியது, மறுநாள் முப்பது பேர்.

அந்த முப்பது பேருக்குத்தான் யோகம். ஞாயிறு காலை பத்தரைக்கு 'வீடு' (1988).

படம் ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் எனக்கு என்னவோ உறுத்தியது. என்னவென்று புரியவில்லை. சுதாவாக வரும் அர்ச்சனா கொஞ்சம் குண்டாகத் தெரிந்தார், தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதருக்குத் தோள் அகலமாக இருந்தது. பழைய படம், அப்படித்தான் போல என்று நினைத்தேன். அப்புறம் அந்தப் பழைய வாடகை வீட்டு ஜன்னல் ஒன்று திரையில் வந்தது. கம்பி போட்டது, வெளிச்சம் உள்ளே விழுகிறது. அது சதுரமாக இருந்தது.

அந்தக் காலத்து மெட்ராஸ் வீட்டில் சதுர ஜன்னலா? மூன்றடி அகலம், நாலடி உயரம், அதுதான் வழக்கம். என் கை ஆயிரம் தடவை வரைந்த அளவு. பழைய டிவி சட்டத்தில் இருந்த படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். மூன்று நாலாகும். நாலுக்கு நாலு. சதுரம்!

எழுந்து பின்னால் போனேன். ஆபரேட்டருக்கு அறுபது வயது இருக்கும், லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, படம் பக்கவாட்டில இழுத்திருக்கு."

"ஒரிஜினலே அப்படித்தாம்மா. பழைய படம்."

"இல்லண்ணே. அந்த ஜன்னல் மூணுக்கு நாலு. இங்க நாலுக்கு நாலா தெரியுது."

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். எதையோ இரண்டு தட்டு தட்டினார். திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது, தாத்தா இளைத்தார், ஜன்னல் எழுந்து நின்றது. உடனே முன்வரிசையிலிருந்து ஒருவர், "ஏங்க, படம் ஏன் சின்னதாயிடுச்சு?" என்று கத்தினார். ஆபரேட்டர் அண்ணன் சிரித்துக்கொண்டே, "போங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டு திரையிடுகிறவர்கள் படத்தை ஓட்டிப் பார்த்து அளவைச் சரி செய்துவிட்டு ஆட்களை உள்ளே விட வேண்டும். இதுதான் இந்தத் திரையிடலில் நான் சொல்லும் பெரிய குறை. மற்றதெல்லாம் சின்னது.

இதை இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாலு மகேந்திராவின் படத்தில் ஜன்னல் சும்மா பின்னணிப் பொருள் இல்லை. பகலில் வீட்டுக்குள் நடக்கும் காட்சி என்றால் வெளிச்சம் ஜன்னல் வழியாகவோ வாசல் வழியாகவோதான் வருகிற மாதிரி இருக்கும். முகத்தின் ஒரு பாதி வெளிச்சம், மறு பாதி நிழல். ஆள் ஜன்னலை விட்டு இரண்டடி உள்ளே தள்ளிப் போனால் முகம் மங்கும், அவர் அதை மங்க விடுவார். நாலாபுறமும் விளக்கு வைத்து நடுராத்திரியையும் கல்யாண மண்டபமாக்கிக்கொண்டிருந்த காலத்தில் இதைச் செய்திருக்கிறார். இருக்கிற வெளிச்சத்தை வைத்தே எடுப்பது என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். நான் சொல்வது வேறு: அந்த வீட்டுக்குள் மணி என்ன என்று எனக்குத் தெரிகிறது. காலை ஏழரையா, மதியம் மூன்றா என்று வெயில் விழுகிற சாய்வை வைத்துச் சொல்லிவிடலாம்.

திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் நாலும் அவரே. பிளான் போட்டவரே கரண்டி பிடித்துப் பூசவும் செய்த மாதிரி. மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, முதலில் மலையாளப் படங்களில் கேமரா பிடித்து, பிறகு கன்னடத்தில் 'கோகிலா' (1977) இயக்கி, அதற்கப்புறம்தான் தமிழில் இயக்க வந்தார். ஊர் ஊராக வாடகைக்கு இருந்தவருக்குத்தான் கூரையின் அருமை தெரியும் என்று அம்மா சொன்னாள். இருக்கலாம்.

'வீடு' படத்தைக் கட்டட வேலை தெரிந்தவர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சுதா வேலைக்குப் போகிறவள், ஒரு தங்கை, வயதான தாத்தா. வாடகைக்கு வீடு தேடி அலைந்து அலுத்துப்போய், இருக்கிற நிலத்தில் நாமே கட்டினால் என்ன என்று இறங்குகிறாள். அப்புறம் கடன், பிளான், லஞ்சம், காண்ட்ராக்டர், மழை. சிமென்ட் மூட்டையைக் காண்ட்ராக்டர் வெளியே தள்ளுகிறான். அதைக் கண்டு போட்டு உடைப்பது மங்கம்மா என்ற சித்தாள், பசி சத்யா நடித்தது. கேமரா அவளைப் பாவம் என்று பார்ப்பதில்லை. வேலை தெரிந்தவள் என்று பார்க்கிறது. ஜல்லிச் சட்டியைத் தலைக்கு ஏற்றும்போது அவள் கழுத்து நிற்கிற விதத்தை வைத்தே சொல்லலாம். சைட்டில் இருபத்தேழு வருடம் பார்த்திருக்கிறேன், சித்தாள்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இன்ஜினீயர்கள் குறைவு. இந்தப் படத்தில் அவளுக்குப் பெயர் இருக்கிறது, கோபம் இருக்கிறது, கருத்து இருக்கிறது.

எனக்கும் நடந்தது இது. குன்றத்தூர்ப் பக்கம் அரை கிரவுண்டில் நாங்கள் கட்டியபோது, லிண்டல் மட்டம், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே போடும் விட்டம் வரை வந்ததும் மேஸ்திரி அட்வான்ஸோடு காணாமல் போனார். பிளான் வரைகிறவள் வீட்டுக்கே இந்தக் கதி. மிச்சத்தை நானும் அம்மாவும் நின்று முடித்தோம். அம்மாதான் காலையும் சாயங்காலமும் சுவருக்குத் தண்ணீர் விட்டாள். அதனால், கட்டி முடிக்காத வீட்டைப் பார்க்கத் தாத்தா குடையோடு தனியாகப் புறப்பட்டு வரும் அந்தக் காட்சியில் அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, அம்மா என் காதில் கேட்டாள்: "அந்தச் செவுத்துக்கெல்லாம் ஒழுங்கா தண்ணி ஊத்தினாங்களாமா?"

பக்கத்து இருக்கைப் பெண் திரும்பி முறைத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வசனம் இல்லை. பூச்சு இல்லாத செங்கல் சுவர், கதவு இல்லாத நிலை, பலகை மாட்டாத ஜன்னல் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் வெயில் உள்ளே வந்து கிடக்கிறது. கிழவர் மெல்ல நடந்து சுற்றிப் பார்க்கிறார். இந்தப் படத்தில் பாட்டே கிடையாது. 'ஹவ் டு நேம் இட்' என்ற தன் ஆல்பத்தின் இசையைத்தான் இளையராஜா இதற்குக் கொடுத்தார். கட்டடம் முடிந்த பிறகு இந்த வெளிச்சம் இப்படி இருக்காது. பலகை வரும், திரைச்சீலை வரும், பீரோ வந்து பாதியை மறைக்கும். வீடு ஒன்று வாழ்நாளிலேயே அதிக வெளிச்சத்தோடு இருப்பது அது முடியாமல் நிற்கும் அந்தச் சில வாரங்களில்தான். அதைப் பார்த்துவிட்ட தாத்தா வீடு திரும்பவில்லை.

அதற்குப் பிறகும் படம் முடிவதில்லை. குடிநீர் வாரியத்திலிருந்து ஆள் வந்து, இந்த நிலம் எங்களுடையது என்கிறார்கள். ஒரு ஆபீஸ் அனுமதி கொடுத்த இடத்தை இன்னொரு ஆபீஸ் எடுத்துக்கொண்டிருக்கிறது. வில்லன் என்று யாரையும் கை காட்ட முடியாது, எல்லோரும் அவரவர் ஃபைலைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். என் ஆபீசில் வாரம் ஒருவராவது இந்த மாதிரிக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கொடுத்தார்கள். கடைசிப் பகுதியில் அவர் முகத்தைப் பாருங்கள். மேக்கப் இல்லை, நடிப்பது போலவும் இல்லை, கவுன்ட்டரில் நாலு மணி நேரம் நின்றவரின் முகம்.

படத்தின் பிரதியைப் பற்றி: வண்ணம் வெளுத்திருந்தது, அங்கங்கே கோடு, ஒலியில் ஒரு இரைச்சல். இதற்கு நடத்தியவர்களைக் குறை சொல்ல முடியாது. தன் படங்களின் நெகட்டிவ்கள் அழிந்துபோனதைப் பற்றி அவரே வருத்தத்தோடு பேசியிருக்கிறார். இருக்கிற ஃபைலை வைத்துத்தான் ஓட்ட முடியும். ஆனால் ஏசி சத்தம் இவர்கள் கையில் இருந்தது. 'வீடு' மாதிரி மௌனத்தை நம்பி எடுத்த படத்துக்கு மேலே ஓர் இன்ஜின் ஓடக் கூடாது. மதியம் கேட்டுக்கொண்டதும் ஒன்றை அணைத்தார்கள், குளிரும் சத்தமும் ஒன்றாகக் குறைந்தன.

மதியம் 'சந்தியா ராகம்' (1989). கறுப்பு வெள்ளை. மறுபடி பாகவதர்தான். மனைவியை இழந்த பெரியவர் கிராமத்தை விட்டுச் சென்னைக்கு, அண்ணன் தம்பி பிள்ளை முறையில் வரும் ஒருவரின் வீட்டுக்கு வருகிறார். ஓவியர் வீர சந்தானம் அந்தப் பாத்திரத்தில் நடித்தார், மனைவியாக அர்ச்சனா. யாரும் கெட்டவர்கள் இல்லை. சம்பளம் போதவில்லை, இடமும் போதவில்லை. ஒரு தட்டு சோறு கூடுதலாக வைப்பதே கணக்காகிவிடுகிறது. கடைசியில் முதியோர் இல்லம். இங்கே வெளிச்சம் இன்னும் சிக்கனம். பட்டணத்து வீட்டுக்குள் வந்ததும் பெரியவரைச் சுற்றி இருள் கூடிவிடுகிறது. கிராமத்தில் இருந்த வானம் முழுக்க இங்கே ஒரு துண்டாகச் சுருங்குகிறது. வண்ணம் இல்லாததால் அது இன்னும் நன்றாகத் தெரிகிறது.

மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்ததில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். யார் கூரையின் கீழ் யார், எத்தனை நாள்? இவர் இந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். இங்கே திரையிடாத 'மறுபடியும்' (1993) படத்திலும், கணவன் வேறு பெண்ணிடம் போனபின் மனைவி எங்கே போவாள், எப்படி நிற்பாள் என்பதுதான் கதை. வெளிச்சத்தை அவர் வெளியிலிருந்து மட்டும் வர விட்டது அழகுக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குச் சொந்தமாக வெளிச்சம் இல்லை. வீட்டுக்காரர் ஜன்னல் எங்கே வைத்தாரோ, அந்த இடத்தில்தான் முகம் தெரியும்.

கலந்துரையாடலில் ஓர் உதவி ஒளிப்பதிவாளர் பேசினார். ஜன்னல் வெளிச்சத்தை வெள்ளைத் தெர்மாகோல் வைத்து எதிர்ப்பக்கம் எப்படித் திருப்புவார்கள் என்று ஒரு தட்டியைக் கையில் பிடித்தே காட்டினார். பத்து நிமிடம்தான், இரண்டு நாளில் மிகச் சிறந்த பத்து நிமிடம். அவருக்குப் பின் பேசியவர் "வெளிச்சத்தால் எழுதிய கவிதை" என்று ஆரம்பித்து முப்பத்தைந்து நிமிடம் முடிக்கவில்லை. பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி என்று சீடர் பட்டியலை மூன்று முறை சொன்னார். அவர்கள் குருவிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்று ஒரு முறையாவது சொல்லியிருக்கலாம். கேள்வி நேரம் ஏழு நிமிடமாகச் சுருங்கிவிட்டது.

நான் ஒன்றே ஒன்று கேட்க நினைத்திருந்தேன். ஈரமும் வெப்பமும் சேர்ந்த எங்களூர் மாதிரி ஊர்களுக்கு ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்று தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்கிறது. இப்போது வருகிறவர்கள், "ஏசி போடப் போறோம் மேடம், ஜன்னலச் சின்னதாக்கிடுங்க" என்கிறார்கள். வைத்தாலும் எதிரே மூன்றடியில் பக்கத்து வீட்டுச் சுவர். பகலிலேயே டியூப்லைட் எரிகிற இந்த வீடுகளுக்குள் அவர் இன்று வந்தால் கேமராவை எங்கே வைப்பார்? மைக் என் பக்கம் வருவதற்குள் சுண்டல் வந்துவிட்டது. சுண்டல் நன்றாக இருந்தது, மாங்காய் போட்டது. காபி தண்ணீர்.

போக நினைப்பவர்களுக்கு: பைக் நிறுத்த இடம் உண்டு, கார் என்றால் மறந்துவிடுங்கள். மெட்ரோவில் வடபழனி இறங்கி நடந்தால் பத்து நிமிடம். கழிப்பறை ஆண், பெண் இருபாலருக்கும் சேர்த்து ஒன்றுதான், இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே எழுந்துவிடுங்கள். சால்வை கொண்டு போங்கள். திரையில் ஆட்கள் குண்டாகத் தெரிந்தால் வெட்கப்படாமல் பின்னால் போய்ச் சொல்லுங்கள், ஆபரேட்டர் அண்ணன் நல்லவர், திருத்துவார்.

அடுத்த மாதம் இன்னொரு இயக்குநரான மகேந்திரனின் படங்கள் போடுகிறார்களாம். படி ஏறி இறங்கிய கால் வலிக்கு இரண்டு நாள் தைலம் தேய்த்துக்கொண்ட அம்மா, புதன்கிழமை தானாகவே, "அதுக்குச் சொல்லி வெச்சியா?" என்று கேட்டாள். இரண்டு டிக்கெட் சொல்லியிருக்கிறேன். கடைசி வரிசை, ஏசிக்கு எதிர்ப்பக்கம்.